கறுப்புச் சட்டையின் வெளிச்சம்

ஆய்வுப் பண்ணையில் அந்த இருவரையும் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள். பயிரும் களையும் கண்ணுக்கு ஒரே பச்சை. ஆனால் சிவப்புக்கு அப்பால் ஓர் ஒளி இருக்கிறது, நமக்குத் தெரியாது. அதை இரண்டும் வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்பும். அந்த அளவை வைத்துக் களையைக் கண்டுபிடிக்கும் கருவியை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். இன்று மேலாளர் முன் சோதனை. தேறினால் கருவியைப் பிடித்துக் காட்டுபவனே பிரிவுத் தலைவன் என்று பேச்சு. பிடிப்பவன் சின்னவன். அது முடிவான நாளிலிருந்தே பெரியவருக்கு வயிற்றெரிச்சல்.

சின்னவன் புதுக் கறுப்புச் சட்டையில் வந்தான்.

"எப்படி அண்ணே இருக்கு? மாமா எடுத்துக்கொடுத்தது."

"உனக்கென்னப்பா, செல்ல மாப்பிள்ளை. எனக்குக் கைக்குட்டை."

உடையில் பட்ட வெளிச்சம் இலைமேல் தெறிக்காமலிருக்க, பண்ணையில் தனியாக ஒரு கறுப்பு அங்கி உண்டு. சட்டையே கறுப்புதானே என்று சின்னவன் அதை ஆணியிலேயே விட்டுவிட்டான். பெரியவர் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படம்பிடிக்கும் தன் கேமராவின் திரையைப் பார்த்தார். அந்த ஒளியில் புதுச்சட்டை சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. சாயத்தின் வேலை. சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார்.

முதல் களையைக் கருவி பயிர் என்றது. இரண்டாவதையும்.

"என்னப்பா, களைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுதா உன் மிஷின்?" என்றார் மேலாளர்.

சின்னவன் கருவியை இறக்கினான். "தப்பு என் மேலதான் சார். அளவெல்லாம் அண்ணன் எடுத்தது, அதுல பிசகே வராது. நான்தான் சரியாப் பிடிக்கல."

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்கும்போதுகூட இவனுக்கே நல்ல பெயரா?

"டேய், அந்த அங்கியை மாட்டுடா! உன் சட்டைதான் வெளிச்சம் அடிக்குது!"

மாட்டினான். அதற்குப் பிறகு காட்டிய அத்தனை செடியையும் கருவி சரியாகச் சொன்னது. மேலாளர் திரையையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பெரியவர் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

"இப்பத்தான் சார் பார்த்திருப்பாரு," என்றான் சின்னவன். "முன்னாடியே தெரிஞ்சா எங்க அண்ணன் சொல்லாம இருப்பாரா?"

மேலாளர் தலையாட்டிவிட்டு அவன் கையைக் குலுக்கினார். பெரியவரும் கை நீட்டி வாழ்த்தினார். தான் மறைத்ததைத் தெரிந்துதான் அவன் அப்படிச் சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.