பாதி விலை நாள்

வெர்லா ஓபர்லி, செத்துப்போன டாக்டர் வீட்டு ரோஜாச் செடிமேல் துப்பிக்கொண்டே தன் வண்டியை நோக்கி ஓடினாள். கக்கத்தில் டாக்டரின் மேஜை விளக்கு. வாய் நிறைய, டாக்டர் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போன ஓட்ஸ் கஞ்சியும் அதில் கரையாத மாத்திரையும். ஓஹாயோ மாநிலத்தின் கார்வின் கவுண்டி என்கிற மாவட்டத்தில் இது ஒன்றும் புதிதில்லை. இறந்தவர் வீட்டுச் சாமானை விலைக்கு வாங்கினால், காசு கைமாறிய நொடியில் அந்த ஆள் கடைசியாகச் சாப்பிட்டது வாங்கினவர் வாய்க்கு வந்துவிடும். பொழுது சாய்ந்தால்தான் போகும். வாரிசுகளுக்கு வராது. இனாமாகக் கொடுத்தால் வராது. உயிரோடிருப்பவர் கழித்துக் கட்டும் பழசுக்கும் வராது. பக்கத்துக் கவுண்டிக்காரர்கள் விற்பனை வரியைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார்கள். இங்கே வரி இப்படி. அதனால்தான் சாமான் விற்பனை நடத்துகிற ரோஸலிண்ட் கெட்னர், கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு கிண்ணம் பெப்பர்மின்ட் வைப்பாள். பழஞ்சாமான் வியாபாரிகள் காலையில் பார்த்துக்கொண்டால் நலம் விசாரிக்க மாட்டார்கள். "இன்னைக்கு யாரோட சாப்பாடு?" என்பதுதான் கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை வெர்லா பறந்ததற்குக் காரணம், அடுத்த விற்பனை அவள் அக்கா லோரெட்டின் வீட்டில். இருபத்திரண்டு வருஷமாக அக்காளும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அம்மா போன வாரத்தில், மாவு பிசையும் மஞ்சள் பீங்கான் கிண்ணத்தை லோரெட் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பகை. வசந்த காலத்தில் லோரெட்டின் மகன் பிரைஸ் போன் செய்து, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், சாம்பலை ஏரியில் கரைத்தாயிற்று, சடங்கு எதுவும் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள் என்றான். வெர்லா எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. கிண்ணம் எங்கே என்றுதான் கேட்டாள். "விற்பனையில வரும் சித்தி, வந்து வாங்கிக்குங்க" என்றான் அவன். அப்பனோடு எங்கோ தூரத்து பீனிக்ஸ் நகரத்தில் வளர்ந்த பையன். இந்த ஊர்ச் சங்கதி எதுவும் அவனுக்குத் தெரியாது.

கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்த கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் குமட்டும். வெர்லாவுக்கும் குமட்டியது, இருந்தாலும் முதல் ஆளாகப் பாய்ந்தவள் அவள்தான். சமையலறை இழுப்பறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. குளியலறை அலமாரியில் சீப்பு, சீப்பில் நரைமுடிச் சுருள், பக்கத்தில் காய்ந்துபோன களிம்பு. ஒருத்தி லோரெட்டின் உள்பாவாடையை வெளிச்சத்தில் பிடித்துக் கறை பார்த்தாள். டுவைட் போல் என்கிற வியாபாரி, மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்தே பார்த்தான். இத்தனை அழுக்குக்கு நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அடியில் பழைய கம்பெனி முத்திரையைக் கண்டால் வெர்லாவின் நெஞ்சு குதிக்கும். அந்தக் குதிப்புக்காகத்தான் வாரா வாரம் செத்தவர்கள் சாப்பாட்டையெல்லாம் அவள் விழுங்குகிறாள். காதலித்த நாளில்கூட அப்படிக் குதித்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அலசும்போதே ஒன்று உறுத்தியது. செத்தவர் வீட்டில் எப்போதும் முதலில் கண்ணில் படும் அருவருப்புகள் இங்கே இல்லை. கட்டிலருகே மூக்குக்கண்ணாடி இல்லை. பல்செட் போடும் டம்ளர் இல்லை. பாதம் பதிந்து கறுத்த செருப்பும் இல்லை. ஒழிந்தது சனியன் என்று சந்தோஷப்பட்டுவிட்டு அவள் மேலே போனாள்.

கிண்ணம் மாடி அலமாரியில் இருந்தது. விளிம்பில் சின்னதாகப் பல் விழுந்ததுபோல் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, சிறுமியாக இருந்தபோது வெர்லாவே உடைத்தது. நெஞ்சு குதித்தது. ஒட்டியிருந்த சீட்டில் நாற்பது டாலர். குதித்த நெஞ்சு எரிந்தது. எங்கம்மா பாத்திரத்துக்கு இந்தப் பொடியனுக்கு முழு விலையா?

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் செய்துவிட்டு எல்லோரும் மறுக்கிற ஈனத்தனம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை முழு விலை, சனிக்கிழமை பாதி விலை. ஆகவே வேண்டிய பொருளை வெள்ளியன்று யார் கையும் போகாத இடத்தில் புதைத்துவிட்டு, சனிக்கிழமை வந்து தோண்டிக்கொள்வது. டுவைட் அடுப்புக்குள், பியானோவுக்குள் எல்லாம் தேடுவான். அவன்கூடத் தொடாத இடம் எது? குளியலறையில் அழுக்குத் துணிக்கூடை நின்றது. அதில் மூத்திர வாடை காய்ந்த இரவுடைகளும் பிரித்த டயப்பர் பொட்டலமும் கிடந்தன. வெர்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்கை வரை கையை விட்டாள். துணி ஈரமாக இருந்ததோ, அவள் கைதான் வியர்த்ததோ. அம்மாவின் கிண்ணத்தை அந்த அடியில் அமுக்கி, மேலே ஒரு நைட்டியைப் போர்த்தினாள்.

எதையும் வாங்காமல் வெளியே வந்தாள். கல்லாவில் வரிசை சிரித்துப் பேசி நகர்ந்துகொண்டிருந்தது. ஒருவர் முகமும் கோணவில்லை. சில பேர் வாசலிலேயே டோனட் தின்றார்கள். டுவைட் இரண்டு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துப் பல்லிளித்தான். "ஒண்ணும் வாங்கலையா வெர்லா? இதைவிட நல்ல விற்பனை கிடைக்காது." டாக்டரின் மாத்திரைக் கசப்போடு நின்றவளுக்கு அவன் இளிப்பே எரிச்சல். விலை மலிவு, அதுதான் இந்தக் கும்மாளம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பிரைஸைக் காணோம். விடியும்போதே ஏதோ போன் வந்து அவசரமாகக் கிளம்பிவிட்டதாக ரோஸலிண்ட் சொன்னாள். கூடை அப்படியே இருந்தது. வெர்லா கிண்ணத்தை எடுத்து, பாவாடையில் துடைத்து, கல்லாவில் இருபது டாலரை வைத்தாள். ஜெயித்த பூரிப்பில் வாயே திறந்திருந்தது.

ரோஸலிண்ட் நோட்டை உள்ளே போட்டதும் வந்தது. உப்பில்லாத பட்டாணிக் கூழ், வெதுவெதுப்பாக. அதன்மேல் மருந்து நெடியடிக்கும் ஸ்ட்ராபெரி ஜெல்லி. பாதி விழுங்கி, பாதி உதட்டோரம் வழிய விட்ட சாப்பாடு. யாரோ அவசரமாக ஊட்டிவிட்ட தகரக் கரண்டியின் துருவும் கூட. ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் செத்தவர்கள் சாமானில்தான் இந்த ருசி வரும். தூக்கத்தில் போனவளுக்கு எங்கிருந்து வந்தது இது? ஓங்கரித்துக்கொண்டே பெப்பர்மின்ட்டுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. மிட்டாய்க் கிண்ணம் கும்பாச்சியாக, நேற்று நிரப்பி வைத்தபடியே இருந்தது.

"நேத்து இவ்வளவு கூட்டம். ஒருத்தர்கூட எடுக்கலையா ரோஸலிண்ட்?"

ரோஸலிண்ட் சில்லறையை அடுக்கத் தொடங்கினாள். பின்னால் நின்ற டுவைட், உப்புக் குப்பி ஒன்றுக்குக் காசு வைத்தான். வைத்ததும் முகம் எலுமிச்சை கடித்ததுபோல் சுருங்கியது. வெர்லாவின் தோள்மேல் எட்டி ஒரு பெப்பர்மின்ட்டைப் பொறுக்கினான்.

"சே, பட்டாணி. நேத்து ஒண்ணும் வரலையே."

"வாயை மூடு டுவைட்" என்றாள் ரோஸலிண்ட்.

டுவைட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தான். அடுத்தவள் ஒரு குடையோடு முன்னால் வந்து, காசைக் கொடுத்து, மூக்கைச் சுளித்து, பெப்பர்மின்ட் எடுத்துக்கொண்டு போனாள். வரிசை நகர்ந்தது. கண்ணாடியும் பல்செட்டும் செருப்பும் எங்கே போயின, யாரோடு போயின, விடியும்போது பிரைஸுக்கு வந்த போன் எதைச் சொன்னது என்றெல்லாம் வெர்லாவுக்கு இப்போது தெரிந்தது. முழு விலை கொடுத்தவர்கள் வாயில் நேற்று எதுவும் வரவில்லை. வராததற்கு இந்தக் கவுண்டியில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அது தெரிந்துதான் வாசலில் டோனட் தின்றார்கள். அவள் பெப்பர்மின்ட்டை எடுக்கவில்லை. பட்டாணிக் கூழை மெள்ள விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை, மூத்திரத் துணிக்குள் அவள் கிண்ணத்தைப் புதைத்துக்கொண்டிருந்தபோது, லோரெட் உயிரோடு இருந்தாள்.