இடைவெளியில் ஒரு குரல்

காத்தாடியை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங். மருதப்பனுக்கு இந்த வேலையில் ஆகவே ஆகாத பகுதி அதுதான். சன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தி, எல்ஆர்டி ரயில் போகும் பக்கத்துச் சன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, கடைசியில் தலைக்குமேல் சுற்றும் காத்தாடியையும் நிறுத்தினால், வீடு இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். பனியனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கைலியோடு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்துகொள்வார். அறுபதை நெருங்குகிற மனுஷன் வேர்த்து வழிந்துகொண்டு, 'பாதுகாப்புத் தலைக்கவசத்தை முறையாக அணியவும்' என்று கம்பீரமாக வாசிப்பதைப் பார்த்தால் எவனுக்கும் சிரிப்புத்தான் வரும். நல்லவேளை, மைக்குக்குக் கண் கிடையாது.

மேசைமேல் அந்தச் சின்ன மிக்ஸர் இருந்தது. டிபன் டப்பா அளவுதான். மைக் சொருக இரண்டு துளை, நாலைந்து திருகு, பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் ஒரு வரிசை விளக்கு. லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள், மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கவிப்ரியா தானே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. "மைக் ஒயரை 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் சொருகுங்க அங்கிள். இந்த ஒயர் லேப்டாப்புக்கு. பேசும்போது பச்சை எரியணும், மஞ்சள் வந்து வந்து போகலாம். சிவப்பு வந்தா நீங்க கத்துறீங்கன்னு அர்த்தம், இந்தத் திருகைக் கொஞ்சம் குறைங்க. அவ்வளவுதான் லா, ரொம்ப ஈஸி." ஈஸிதான், சந்தேகமில்லை. முதல் நாள் முழுக்க மைக்கின் முதுகைப் பார்த்துப் பேசிவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்று அவள் போன் செய்த பிறகுதான், மைக்குக்கும் முன்பக்கம் பின்பக்கம் உண்டென்று அவருக்குத் தெரிந்தது.

"உயரமான இடத்தில் வேலை செய்யும்போது, பாதுகாப்பு வாரைக் கட்டாயம் அணியுங்கள்."

வாசித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே கொஞ்சம் அமைதி வேண்டும், வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும் என்பது கவிப்ரியாவின் உத்தரவு.

"அதான்," என்றது சோபாவிலிருந்து ஒரு குரல்.

"தங்கம்! கொஞ்சம் சும்மா இரும்மா."

"அதான்... அதான்."

அவருடைய மனைவி தங்கத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை முடக்கிவிட்டுப் போனபோது, பேச்சையும் அள்ளிக்கொண்டு போனது. என்ன பேச்சு பேசினவள்! தேக்கா மார்க்கெட்டில் மீன்காரனிடம் பேரம் ஆரம்பித்து அவன் மகளுக்கு வரன் பார்ப்பதில் கொண்டுபோய் முடிப்பாள். அடுத்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. இப்போது பசித்தால் அதான், கோபம் வந்தால் அதான், பாத்ரூமுக்கு என்றால் வேகமாக, கீச்சென்று, அதான் அதான். ராகம்தான் மாறும். மருதப்பன் அந்த ராகங்களைப் படித்து வைத்திருந்தார். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க சார், அவங்க சொல்ல சொல்ல நீங்க பதில் பேசிக்கிட்டே இருங்க, அதை வச்சுத்தான் மத்ததைக் கொண்டுவரணும்," என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் சொல்லியிருந்தாள். மத்தது ஒன்றும் இதுவரை வரவில்லை.

மருதப்பன் ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். குரல் மட்டும் கடவுள் கொடுத்தது. தோ பாயோ கோயில் திருவிழாவில், 'காலணிகளை வரிசையாக வைக்கவும்' என்று அவர் அறிவித்தால் ஜனம் நிஜமாகவே வரிசையாக வைக்கும். கம்பெனியை மூடிய பிறகு அந்தக் குரல்தான் சோறு போட்டது. கட்டுமான வேலைக்கு வரும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கான பாதுகாப்புப் பாடங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கம் விழுந்த பிறகு ஸ்டூடியோவுக்குப் போக முடியவில்லை. ஒரு மெய்ட் வைத்துப் பார்த்தார்கள். தங்கம் அவளைத் தொடவே விடாமல் ரகளை பண்ணியதில், அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஏஜென்சிக்குத் திரும்பிவிட்டது. படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டிங் பண்ணலாம்தான். ஒருநாள் அப்படிச் செய்தபோது அவள் எழுந்திருக்கப் பார்த்து, தரையில் கிடந்தாள். அதிலிருந்து கண் பார்வையில் வைத்துக்கொண்டுதான் எல்லாம். எனவே அவர் வாசிப்பார், தங்கம் ஒரு வாக்கியம் விடாமல் ஆமோதிப்பாள்.

"கிளையன்ட் திருப்பி அனுப்பிட்டாங்க அங்கிள்," என்றாள் கவிப்ரியா போனில், சங்கடமாக. "'கையுறை இல்லாமல் ரசாயனத்தைத் தொடாதீர்கள்'னு நீங்க சொன்ன உடனே பின்னாடி ஒரு லேடி, 'அதான்'ங்கிறாங்க. எனக்கு சிரிப்பா இருக்கு, அவங்களுக்கு இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாருன்னுட்டாங்க."

அன்று சாயங்காலம் உட்லண்ட்சிலிருந்து மகள் தாரணி பேசினாள். மருதப்பன் தங்கத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அப்பா, நான் சொன்ன நர்சிங் ஹோம்ல ஒரு பெட் காலியாகுதாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அம்மாவைத் தள்ளிவிடப் பாக்குறேன்னு நினைக்காதீங்கப்பா. இந்த ரெக்கார்டிங் போய்ட்டா நீங்க செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகணும். நாள் பூரா வெளிய நிப்பீங்க. அம்மாவை யாரு பாத்துப்பா? நானும் வேலையை விட முடியாது."

"இந்த வேலை நிலைச்சா நான் வீட்டுலயே இருந்துடுவேன் தாரணி. இவ போடுற சத்தம்தான் பிரச்சினை. அது மட்டும் இல்லைன்னா வண்டி ஓடிடும். இல்லைன்னா நீ சொல்றபடிதான், வேற வழி?"

தங்கம் கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். அவர் தொண்டையை மெல்லத் தடவிக்கொடுத்து விழுங்க வைத்தார்.

வழி மறுநாளே கிடைத்தது. கவிப்ரியா வீடியோவில் வந்து, மிக்ஸரைக் காட்டச் சொல்லி, "அந்த ஓரத்துல 'கேட்'னு ஒரு திருகு இருக்குல்ல அங்கிள்? அதைத் திருப்பினா, சின்னச் சத்தத்தை உள்ளயே விடாது. நீங்க பேசினா கதவு திறக்கும், நிறுத்தினா மூடிக்கும். ஆண்ட்டி நீங்க நிறுத்தின அப்புறம்தானே பேசுறாங்க?" என்றாள்.

"ஆமா. நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் சொல்லுவா."

"அப்ப முடிஞ்சது ப்ராப்ளம்."

காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் திருப்பினார். முதலில் ரயில் சத்தம் காதிலிருந்து போனது. பக்கத்து வீட்டு டிவி போனது. இன்னும் கொஞ்சம் திருப்ப, சோபாவில் தங்கத்தின் வாய் அசைந்து பாதியில் மூடிக்கொண்டது, காதில் ஒன்றும் விழவில்லை. "தீயணைப்பானை எட்டும் தூரத்தில் வையுங்கள்," என்றார். அவர் குரல் தெள்ளத்தெளிவாக வந்து நின்றது. அதன் பின்னால் சுத்தமான அமைதி. அப்பாடா என்றிருந்தது. எழுந்துபோய் அவள் கன்னத்தைக் கிள்ளி, "தப்பிச்சோம்டி," என்றுகூடச் சொன்னார்.

ஃபைல்கள் போயின, ஒன்றும் திரும்பி வரவில்லை. "சூப்பர் அங்கிள், அடுத்த கோர்ஸும் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க," என்றாள் கவிப்ரியா.

இதோடு நின்றிருந்தால் பிரச்சினையில்லை. வாசித்து முடித்த பிறகும் மருதப்பன் ஹெட்போனைக் கழற்றவில்லை. முதல் நாள் ஏதோ மறதியாக இருந்துவிட்டார். அப்புறம் தெரிந்தேதான். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கிற பாவனையில் தலையைக் குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, ராத்திரியில் புரட்டிப் படுக்க வைத்து, அந்த ஒரு சொல்லுக்கு நாள் முழுக்க அர்த்தம் தேடிப் பதில் சொல்லிச் சொல்லி, மனுஷன் களைத்துப் போயிருந்தார். எலும்புக்குள் இறங்கின களைப்பு. யாரும் கூப்பிடாத அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குத் தித்தித்தது. பாவம்தான், தெரியும். இருந்தாலும் தித்தித்தது. வேர்வை வழிய, காத்தாடிகூடப் போடாமல், அந்தச் சுகத்துக்காகவே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மத்தியானம் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். விழித்து ஹெட்போனைக் கழற்றியபோது மூத்திர வாடை அடித்தது. தங்கம் நனைந்து உட்கார்ந்திருந்தாள். சோபாவின் ஓரத்திலிருந்து சொட்டித் தரையில் தேங்கியிருந்தது.

"ஐயோ, கூப்பிட்டியா? ரொம்ப நேரமாக் கூப்பிட்டியா தங்கம்?"

அவள் அவரைப் பார்த்தாள். கழுவிவிட்டார், உடை மாற்றினார், மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோ என்று புலம்பிக்கொண்டே தரையைத் துடைத்தார். அவள் வாயே திறக்கவில்லை. சரி, கோபம், ராத்திரிக்குள் தணிந்துவிடும் என்று நினைத்தார். தணியவில்லை. மறுநாள் இட்லி ஆறிப்போய் இருந்தது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சட்னியில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தார். பேசாமல் தின்றாள். பிறகுதான், கடந்துபோன நாட்களை எல்லாம் மனசில் ஓட்டி, அவள் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஹெட்போனுக்கு வெளியே அவள் எப்போது நிறுத்தினாளோ, அவருக்குத் தெரியாது. இருந்த ஒரு சொல்லையும் காவு கொடுத்துவிட்டோமே!

தாரணி சொன்ன வெள்ளிக்கிழமையன்று சோபாவைத் தொட்டாற்போல் மேசையை இழுத்துப் போட்டார். சன்னல்களை எல்லாம் விரியத் திறந்தார். கம்பளியை உருவிப் போட்டார். காத்தாடியை முழு வேகத்தில் வைத்தார். கேட் திருகை இடது பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு, கவிப்ரியா கொடுத்திருந்த இன்னொரு மைக்கை இரண்டாவது துளையில் சொருகி, தங்கத்தின் வாய்க்கு நேரே வைத்தார். முன்பக்கம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தங்கம். வேணும்னேதான் கழட்டாம உக்காந்திருந்தேன். தப்புத்தான். திட்டணும்னா திட்டு. அதான்னு ஒரு தடவை சொல்லு, போதும்."

அவளுடைய இடது கை மெல்ல எழுந்தது. மைக்கைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து அவர் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கொடுத்தார். கை மைக்கைத் தாண்டிப் போய், அவள் வாயைப் பொத்திக்கொண்டது. விரல்கள் கன்னத்தில் பதிந்தன.

"என்னம்மா இது? கையை எடு."

எடுத்துவிடப் பார்த்தார். தம்ளரை நேராகப் பிடிக்க இன்னும் பழகாத இடது கை, அசைக்க முடியவில்லை. அந்நேரம் பார்த்து மேசையில் போன் அதிர்ந்தது. திரையில் தாரணியின் பெயர். தங்கத்தின் கண்கள் போனுக்குப் போயின, அவருக்கு வந்தன, திரும்பவும் போனுக்குப் போயின. வாயைப் பொத்தியபடியே, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் கோபமே இல்லை, அத்தனையும் பயம்.

மருதப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. இவ போடுற சத்தம்தான் பிரச்சினை. கஞ்சிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே, அவர் வாயால் சொன்னது. பேச வராதவளுக்குக் காதும் கேட்காது என்று எந்த மடையன் நினைப்பான்? அவர் நினைத்திருக்கிறார். நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளே, அப்போதும் அவள் அவரைக் கூப்பிடவேயில்லை.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, இன்னிக்குச் சொல்லணும். பெட்டுக்கு என்ன சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லிடு."

"அப்ப ரெக்கார்டிங் நல்லா ஓடுதா?"

"ஓடினா ஓடட்டும், ஓடாட்டிப் போகட்டும். உங்கம்மா எங்கயும் போகல. சத்தம் போட்டுக்கிட்டு இங்கதான் இருப்பா. எவ்வளவு வேணும்னாலும் போடுவா. கேட்டுச்சா?"

"ஏம்ப்பா என்கிட்ட கத்துறீங்க? நான் என்ன பண்ணேன்?"

"உன்கிட்ட இல்லம்மா," என்றார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

"கேட்டியா தங்கம்? வேணாம்னு சொல்லிட்டேன். உன் முன்னாலதான் சொன்னேன்."

தங்கத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்கி, விரல்களின் மேல் வழிந்து, மணிக்கட்டுக்குப் போனது. கை இறங்கவில்லை. ரயில் ஒன்று கடந்து போனது. மிக்ஸரின் விளக்குகள் மஞ்சள் வரை ஏறி இறங்கி, காத்தாடிச் சத்தத்துக்கு ஒற்றைப் பச்சையில் வந்து நின்றன. மருதப்பன் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, அவள் முழங்காலருகே உட்கார்ந்துகொண்டார். வாயைப் பொத்தியிருந்த கையின் மேல் தன் கையை வைத்தார். இழுக்கவில்லை. அவர் உள்ளங்கைக்குக் கீழே அவள் விரல்கள் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தன.