மேயரின் எடை

1

இந்தக் கதை ஒரு தீனித் தொட்டியில் கிடைத்தது. ஓஹையோவில், எங்கள் பக்கத்தில், ஒரு ஜூலைக் காலை. தொட்டியில் தீவனம் கரைத்து வைத்திருந்தது. கரைத்தது யார் என்று அந்த வீட்டில் இருந்த இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்ப்பது. [சேர்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.]

முதலில் எழுதிய தொடக்கம்: "மேயருக்கு அன்று பசி இல்லை." மேயர் ஒரு பன்றி என்று நான் சொல்வதற்குள் நீங்கள் இதைத் தேர்தல் கதை என்று நினைத்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.

அடுத்தது: "கெல்சி ஏப்ரலில் இறந்தாள். அன்று அவள் கணவன் வெஸ்"

முடிக்கவில்லை. முடிக்காமலே இருக்கட்டும். தகவல் வந்துவிட்டது.

2

வெஸ்ஸுக்கு முப்பத்தொரு வயது. மகள் லைனிக்குப் பத்து. இறப்பதற்கு முந்தைய மாதம் கெல்சி லைனியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பன்றிக்குட்டி வாங்கி வந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. தோளைச் சுற்றி மட்டும் மாலை போட்டதுபோல் வெள்ளைப் பட்டை. அதனால் மேயர் என்று பெயர். அந்த வீட்டில் மேயரை மரியாதையாகத்தான் பேசுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

விதி சுலபம். மாவட்டக் கண்காட்சியில் எடை போடும்போது இருநூற்று முப்பது பவுண்டு இருந்தால் பன்றி ஏலத்துக்குப் போகும். வளர்த்த பிள்ளை அதைக் கோலால் தட்டி ஓட்டிக்கொண்டு ஏல வளையத்தைச் சுற்றி நடக்கும். ஊரே பார்க்கும். மாலையில் லாரி வரும். எடை குறைந்தால் பன்றி வீட்டுக்குத் திரும்பும்.

லாரி எங்கே போகிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். லைனிக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு வளையத்தில் நடக்க வேண்டும். அம்மாவோடு சேர்ந்து தொடங்கியது. முடித்தாக வேண்டும்.

கெல்சி போனபின் மேயர் சரியாகச் சாப்பிடவில்லை.* எடை ஏறவே இல்லை. ஜூலையில் திடீரென்று ஏறத் தொடங்கியது.

* வெஸ்ஸும்தான். அதைக் கதைக்குள் வைக்க இடம் கிடைக்கவில்லை.

3

லைனி கரைத்து வைக்கிறாள் என்று வெஸ் நினைத்தான். அப்பா கரைக்கிறார் என்று லைனி நினைத்தாள். கட்டியில்லாமல், தோசை மாவுப் பதத்தில், சுடுதண்ணீர் ஊற்றிய தீவனம். [வெஸ் தோசையைக் கண்ணால் பார்த்ததில்லை. உங்களுக்காகச் சொன்னேன்.] சுடுதண்ணீர் கெல்சியின் வழக்கம். வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

காலைச் சாப்பாட்டில் லைனிதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, மேயருக்கு அவ்வளவு சூடா ஊத்தாத. பாவம், வாயை வெச்சிட்டு வெச்சிட்டு எடுக்கிறாரு."

"நான் எங்க ஊத்தினேன்? நீதானே கரைக்கிற."

லைனி ஸ்பூனைக் கீழே வைத்தாள். பயந்த மாதிரி இல்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப, ஆறவெச்சு ஊத்தச் சொல்லு" என்றாள்.

யாரிடம் என்று வெஸ் கேட்கவில்லை. கொட்டிலில் காத்திருந்து பார்க்கவும் இல்லை. தினமும் காலையில் போய்த் தொட்டியைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவான். அவனும் சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் கெல்சி வரக் கூடாது என்பது என் தீர்மானம். செத்தவர்களை வரவழைப்பது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம். அதனால் சுடுதண்ணீரை அடித்துவிட்டு, பக்கத்துப் பண்ணை டுவைட் விடிகாலையில் வந்து கரைத்துவிட்டுப் போவதாக மாற்றினேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். டுவைட் கொட்டில் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே போகவில்லை. உள்ளே ஏற்கெனவே ஆள் இருப்பதுபோல் நின்றான்.

நான் அப்படி எழுதவில்லை.

4

கண்காட்சியில் மேயர் இருநூற்று இருபத்தேழு.

மூன்று குறைந்தது. மதியத்துக்குள் ஒரே ஒரு மறு எடை உண்டு. பன்றிக் கொட்டகைக்குப் பொறுப்பான மார்லா வெஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டாள். "மூணுதானே? ஒரு வாளி தண்ணி குடிக்கவெச்சு ஓட்டிட்டு வா. எல்லாரும் பண்றதுதான்."

மேயர் வாளியை முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்காட்சிக் குழாயில் வருவது டவுன் தண்ணீர். குளோரின் வாடை. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பன்றி அதைத் தொடாது. அதனால் எல்லாரும் சில நாள் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் பழ ருசி ஜெல்லித் தூள் கலந்து பழக்குவார்கள். இங்கே வந்ததும் அதே தூளைப் போட்டால் அதே ருசி, வித்தியாசம் தெரியாது. வெஸ் மறந்துவிட்டான். பட்டிக்குப் பட்டி சிவப்பும் பச்சையுமாக வாளிகள் நின்றன. அவனுடையதில் வெறும் தண்ணீர். டுவைட் தன்னுடைய திராட்சைத் தூளைக் கொண்டுவந்து கொட்டிக் கலக்கினான். மேயர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"உங்க மேயர் எதிர்க்கட்சித் தண்ணி குடிக்க மாட்டாரு போல" என்று சொல்லிவிட்டு டுவைட் போனான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெஸ்ஸும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டான்.

லைனி வேலிமேல் உட்கார்ந்திருந்தாள். "மூணே மூணுப்பா" என்றாள். "அது ஏறிடுச்சுன்னா அம்மாவுக்கு வேலை முடிஞ்சுது. இனிமே அவ வர வேண்டாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

வெஸ் அவளை லெமனேடு வாங்கிவர அனுப்பினான்.

இந்த இடத்தில், "அவள் வருவதற்குள் மேயர் குடித்து முடித்தார்" என்று எழுதினேன். அடித்தேன். "வெஸ் மண்டியிட்டு மேயரின் காதில்" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பிறகு எழுதியது: வெஸ் வாளியைச் சாய்த்து, சத்தம் வராமல், தண்ணீரை வடிகாலில் விட்டான்.

இது மட்டும் அழியவில்லை. மேயர் வீடு திரும்பினால் நாளைக் காலையும் தொட்டியில் தீவனம் கரைத்து வைத்திருக்கும். அவன் நினைத்தது அவ்வளவுதான்.

லைனி வந்து காலி வாளியைப் பார்த்தாள். "குடிச்சிட்டாரா?"

வெஸ் தலையாட்டினான். அவள் கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

5

முடிவு ஒன்று: அதே இருநூற்று இருபத்தேழு. லைனி வீடுவரை அழுகிறாள். வெஸ் காலைக்குக் காத்திருக்கிறான்.

முடிவு இரண்டு: இருநூற்று முப்பது. லைனி வளையத்தில் நடக்கிறாள். மாலையில் லாரி. இதற்கு வழியே இல்லை. மேயர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. தண்ணீரைக் கொட்டும்படி எழுதியவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். மேயர் எடைக்கூண்டில் ஏறினார். மார்லா கதவை அடைத்தாள். சிவப்பு எண் இருநூற்று இருபத்தேழில் நின்றது. பிறகு மெல்ல மேலே நகர்ந்தது.

மார்லா எண்ணைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள்.

"யாரோ கூண்டுமேல சாஞ்சிருக்கீங்க" என்றாள். "கையை எடுங்க."

லைனி கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். வெஸ் தன் கைகளைத் தேடினான். பைக்குள் இருந்தன. மேயர் கண்ணை மூடி, கம்பிப் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கன்னு சொன்னேன்" என்றாள் மார்லா. இந்தமுறை குரல் அவ்வளவு பலமாக இல்லை.

எண் நிற்கப்போகிறது. வெஸ்ஸுக்காக ஒன்று எழுதினேன், லைனிக்காக ஒன்று எழுதினேன், இரண்டையும் கிழித்துவிட்டேன். அந்த எண்ணை நான் படிக்க மாட்டேன். நீங்கள்தான் கிட்டத்தில் இருக்கிறீர்கள், நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.