கன்னம் பதியும் இடம்

துப்பாக்கிப் பையை மேசைமேல் வைத்ததும் ஸ்டேஷன் ரைட்டர் கரியப்பன் எழுந்துவிட்டார்.

“ஏம்பா, இத பைக்லயா கொண்டாந்த? தனியாவா?”

“ஆமாங்க சார்.”

“படிச்ச பையன்தானே நீ? லைசென்ஸ்காரங்க இல்லாம ரோட்ல கொண்டாரலாமா? ஒரு போன் போட்டிருந்தா ஆள் அனுப்பியிருப்பேன்ல?”

லைசென்ஸ்காரி அவன் மனைவி சுமலதா. டெங்கு என்று சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் பெங்களூரில் சுடும் பயிற்சிக்குப் போகும்போது பை அவள் முதுகில் இருக்கும். பிரேம்குமார் வண்டி மட்டும் ஓட்டுவான். ஜூஜுவாடி எல்லைச் சாவடியில் போலீஸ் மறித்தால் அவள்தான் இறங்கிப் பேசுவாள், கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி, சிரித்துக்கொண்டே. இன்று பையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தான். வேகத்தடைகளில் அவளுக்குக் குறைப்பது போலவே வேகத்தைக் குறைத்தான்.

“அவ கோச் கேட்டாருங்க. இப்படியே அவ லாக்கர்ல வெச்சுக்கறேன்னாரு. கொண்டு போய்க் குடுத்துரட்டுமா?”

“அது கர்நாடகாப்பா. அவங்க லைசென்ஸ் அவங்களோட முடிஞ்சுது. இது இங்கதான் இருக்கணும். வேணும்னா வாரிசுன்னு மனு போடு. உனக்குச் சுடத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அப்புறம் எதுக்கு வேணும்னு எழுதுவ?”

அவனிடம் பதில் இருந்தது. மனுவில் எழுதுகிற பதில் இல்லை.

கரியப்பன் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பீரோவுக்குள் வைத்தார். கதவைச் சாத்த முடியவில்லை.

“கட்டிலாட்டம் நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. பின்கட்டையக் கழட்டணும்.”

“நான் கழட்டறேங்க.”

துப்பாக்கி மறுபடி மேசைக்கு வந்தது. தோளில் அணைக்கும் பின்கட்டையின் மேல், குறி பார்க்கும்போது கன்னம் பதிக்க ஒரு சின்ன மரத்துண்டு. முதலில் அதை எடுக்க வேண்டும். வாங்கிய அன்று அவள் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “இன்னும் மேல... போதும், போதும், கழுத்த ஒடிச்சுராத” என்றாள். அவன்தான் திருகை முடுக்கினான். அதன்பின் யாரும் தொட்டதில்லை. கழற்றினால் அந்த உயரம் திரும்ப வராது. வைத்துப் பார்க்க முகம் இல்லை.

திருகைத் தொடுமுன் குனிந்து தன் கன்னத்தை வைத்தான். தாடை எலும்பு இடித்தது. கண் குறித்துளைக்கு மேலே எங்கோ நின்றது. எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தது.

“பூட்டணும்பா,” என்றார் கரியப்பன். குரல் இறங்கியிருந்தது.

அவன் அசையவில்லை. அவன் கன்னத்தடியில் மரம் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.