முதல் வரிசையில் அழுவதில்லை

இளவரசி எலெயொனோராவுக்கு வயது எண்பத்தொன்று. அவரது குடும்பம் ஆண்ட சிறிய நாடு எப்போதோ குடியரசாகிவிட்டது. ஆனாலும் அவரது ஒரே மகன் லூக்கா இறந்தபோது பலேர்மோவின் பேராலயத்தில் பூசை ஏற்பாடானது. கமராக்களுக்கு முன்னால், பெட்டியின் பின்னே அவர் தனியாக நடக்க வேண்டும்.

காலையில் பணிப்பெண் அற்புதமலர் அவரது கறுப்பு உடையின் கொக்கிகளைப் பூட்டினாள். லிபெர்த்தா வீதியில் உள்ள இந்த வீட்டில் அவளுக்கு ஒன்பதாவது வருடம்.

"கைக்குட்டை வைக்கவா?"

"வேண்டாம். முதல் வரிசையில் நாங்கள் அழுவதில்லை." இளவரசி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "ஆனால் யாராவது சத்தமாக அழ வேண்டும், மலர். நீ அழு."

கீழே காரில் சாரதி சூசைதாசன் காத்திருந்தார். அற்புதமலர் விஷயத்தைச் சொன்னாள்.

"அவனுக்கோ? போன நத்தார் பண்டிகைக்கு வந்து உன்னை ஆரெண்டு கேட்டவன் எல்லோ?"

"மூண்டுதரம் கேட்டவர்."

"அப்ப வெங்காயம் ஒண்டு கொண்டு போ, பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அழச் சொல்லிக் கேட்டது தாய்."

"இளவரசியின்ரை செயலாளர் சொன்னது ஞாபகம் இருக்கோ? சத்தம் போட்டால் திங்கக்கிழமை வேலைக்கு வரத் தேவையில்லை. வேலை போனால் இந்த நாட்டிலை இருக்கிற உன்ரை பெர்மெஸ்ஸோவும் போயிடும் எல்லோ?"

"தெரியும்."

வேலையாட்களுக்குக் கடைசி வரிசை. பூசை முழுவதும் அவள் முயன்றாள். லூக்காவின் முகத்தை நினைத்தாள். கண்ணீர் வரவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். பின்னால் இளவரசி வந்தார். தலை நிமிர்ந்திருந்தது. முகத்தில் எதுவும் இல்லை. இடக்கை மட்டும் உடலைவிட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கியிருந்தன. நடை பழகும் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவருபவரைப் போல.

"ஐயோ, என்ரை குஞ்சே! கொம்மாவை விட்டிட்டுப் போறியே!"

தன் குரல்தான் என்று அற்புதமலருக்கு உடனே தெரியவில்லை. அவள் நெஞ்சில் அடித்து அழுதாள். தலைகள் திரும்பின. கமரா ஒன்றும் திரும்பியது. செயலாளர் எழுந்து நின்றார்.

இளவரசி திரும்பவில்லை. ஓர் அடி தவறியது. பிறகு நடந்தார்.

திரும்பும் வழியில், காரில், இளவரசியின் தொலைபேசி அடித்தது. செயலாளர். இளவரசி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் அழச் சொன்னேன். திங்கட்கிழமையும் அவள் வருவாள்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

பிறகு பக்கத்தில் இருந்த அற்புதமலர் பக்கம் திரும்பினார்.

"அவனை என்ன சொல்லி அழைத்தாய்?"

"குஞ்சு. கோழிக்குஞ்சு. எங்கள் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்."

"குஞ்சு," என்றார் இளவரசி. முதல் தடவையே சரியாக வந்தது. இரண்டாம் தடவை குரல் உடைந்தது. கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்க அது போதவில்லை.

வீடு வந்தது. வாசலில் நாலைந்து பேர் பூக்களோடு நின்றார்கள். சூசைதாசன் காரை நிறுத்தாமல் துறைமுகப் பக்கம் விட்டார்.