இருநூறு ஜோடி ஜாம் பிஸ்கட்

சவுரியம்மாளுக்கு எடுப்பான மூக்கு. ஒற்றைக்கல் மூக்குத்தி அதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பார்க்கத்தான் மூக்கு, வாசனை மட்டும் அதற்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக இந்த விஷயத்தைக் கட்டின புருஷனிடமோ, ஓசூரில் வேலை பார்க்கும் மகனிடமோ, பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியாரிடமோ கூட அவள் மூச்சு விட்டதில்லை. வாசனை தெரியாதது பாவமா என்ன, சாமியாரிடம் சொல்ல, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்மஸ் வந்தால் ஆம்பூரில் அவள் தெருவில் முறுக்கும் அதிரசமும் எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்காக யாரும் அவள் வீட்டுக்கு வருவதில்லை. அவள் செய்யும் ஆரஞ்சு ஜாம் பிஸ்கட்டுக்குத்தான் வருவார்கள். "மூக்கு செத்தவ பண்ணது" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், மறுநாளிலிருந்து அவள் வைக்கிற ரசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்கள். அதைச் சவுரியால் தாங்க முடியாது.

மூக்கு ஒரே நாளில் போய்விடவில்லை. ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஒட்டுகிற மேசையில் உட்கார்ந்து, தோல் துண்டுகளுக்கு பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்டிய வேலை. ஆரம்பத்தில் அதன் நெடியில் தலை வலித்தது. அப்புறம் பழகிவிட்டது. சொல்லாமல் வீட்டைக் காலி பண்ணுகிற குடித்தனக்காரன் சாமான்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிற மாதிரி, முதலில் மல்லிப்பூ போனது, அப்புறம் கருவாடு போனது. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்து அணைத்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சவுரிக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் இத்தனை வருஷம் ஜாமுக்கும் பிஸ்கட்டுக்கும் பதம் பிடித்தது எப்படி? அவளிடம் ஓர் இரவல் மூக்கு இருந்தது, இரவல் கொடுத்தவளுக்கே தெரியாமல். அதன் பேர் ஷஹீன் பானு.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் ஒருவர் மேசைக்கு ஒரு தகர டப்பா கொடுத்தார். உள்ளே இரட்டை பிஸ்கட். இரண்டை ஒட்டி வைத்து, மேலே உள்ளதன் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டை வழியாக மஞ்சள் ஜாம் எட்டிப் பார்த்தது. மேசையில் பன்னிரண்டு பேர், பிஸ்கட்டோ ஆறு. சவுரியும் பானுவும் தங்கள் பங்கைக் கம்பெனி பஸ்ஸில், மாதனூர் தாண்டும்போது பிரித்தார்கள். மேல் பாதி பானுவுக்கு, அடிப் பாதி சவுரிக்கு. பானு அதை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"பாதாம் இருக்குடி. வெண்ணெ ஜாஸ்தி. ஜாமு ஆரஞ்சு... பழம் மட்டும் இல்ல, தோலும் போட்டிருக்காங்க."

ஷிஃப்ட் முடிந்து சொல்யூஷன் நாற்றத்தோடு வீடு திரும்புகிற நாற்பது பேருக்கு நடுவில் ஒருத்தி ஆரஞ்சுத் தோலைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த மூக்கைச் சவுரி அன்றைக்கு நம்ப ஆரம்பித்தவள்தான்.

அதற்கப்புறம் மூன்று கிறிஸ்மஸ் அவர்கள் செய்து பார்க்காத கூத்து இல்லை. முதல் தடவை ஆபித் பாஷா பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி, பன் வெந்து முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் தட்டை உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்தது ஓடு. பாதாம் பொடி கூட்டி, மாவு குறைத்து, மூன்றாம் வருஷம்தான் வாயில் கரைந்தது. டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டுவார்கள், இருமல் மருந்து பாட்டில் மூடியால் ஓட்டை போடுவார்கள். கம்பெனிப் பழக்கம் விடுமா? வெந்த பிஸ்கட்டைப் பரப்பி வைத்து, மேலுக்கும் அடிக்கும் அளவு பார்த்து ஜோடி சேர்த்த பிறகுதான் ஜாம் தடவுவார்கள். ஜோடி சேராதது பிள்ளைகளுக்கு.

ஜாம் கிண்டுகிற நாளில் பானு அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கையில் டீ. வாயில் மாமியார் கதை. சூப்பர்வைசர் ஒருத்தன் வழுக்கையை மறைக்கப் பட்ட பாட்டை அவள் நடித்துக் காட்டினால் சவுரிக்குக் கரண்டி நழுவும். கதைக்கு நடுவில் சட்டென்று, "போதும் சவுரி, எறக்கு" என்பாள். சவுரி இறக்கிவிடுவாள். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. தன் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், சவுரி தன் கல்யாண நாளைச் சொல்வாளோ என்னவோ, அந்த ஸ்டூல் நாட்களைக் கட்டாயம் சொல்வாள்.

கம்பெனியை விட்ட பிறகு பானு வாணியம்பாடிக்குப் புருஷன் வீட்டோடு போய்விட்டாள். அப்போதும் வருஷா வருஷம் ஜாமுக்கு பஸ் ஏறி வந்தாள். இந்த வருஷம்தான் வரவில்லை. மகள் மெஹக்குக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சவுரியும் ஏதோ சாக்குச் சொல்லிக் கிறிஸ்மஸுக்கு பிஸ்கட் போடாமலே விட்டுவிட்டாள். அப்புறம் பானுவிடமிருந்து போன் வந்தது.

"பிரியாணி எவன் வேணா போடட்டும்டி. வர்ற ஜனங்க கையில உன் பிஸ்கட்டு ஒரு ஜோடி குடுத்துத்தான் அனுப்பணும். இருநூறு ஜோடி. முடியுமா?"

"இன்னா கேள்வி இது? உன் பொண்ணு என் பொண்ணு இல்லியா?"

"நான்தான் வர முடியாது. வீடு பூரா ஜனம்."

போனை வைத்த பிறகுதான் சவுரிக்கு உறைத்தது. மூக்கு வராது, இருநூறு ஜோடி போக வேண்டும். அதுவும் மெஹக் கல்யாணத்துக்கு.

செவ்வாய்க்கிழமை காலை முப்பது கமலா ஆரஞ்சையும் நாலு நார்த்தங்காயையும் கழுவி உட்கார்ந்தாள். தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டி, நூல் நூலாக அரிந்து, இரண்டு தண்ணீர் வேகவைத்து இறுத்தாள். கொட்டைகளைத் துணியில் முடிந்து சாற்றோடு போட்டாள். வழக்கமான பாத்திரம் கொள்ளாது என்று பரணிலிருந்த பெரிய அலுமினிய அண்டாவை இறக்கியிருந்தாள். தனியாளாகக் கிண்டினாள். தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினாள், சுருங்கியது. பதம் சரி. ஆனால் கரண்டி அடியில் ஏதோ நெருடியது. அடி பிடித்துவிட்டதா?

நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்திப்பு, புளிப்பு, பின்னால் கசப்பு. ஆரஞ்சுத் தோல் என்றால் கசக்கத்தான் கசக்கும். தீய்ந்தாலும் கசக்கும். எந்தக் கசப்பு இது என்று மூக்குதான் சொல்ல வேண்டும்; நாக்கு கையை விரித்துவிட்டது.

புருஷன் ஐசக்கைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுத்தாள். அவர் முப்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறவர். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். ஃபினாயிலைக் கொடுத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், நீயே மோந்து பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிடும்.

ஆகவே புதன்கிழமை காலை ஒரு பாட்டில் ஜாமைப் பையில் போட்டுக்கொண்டு வாணியம்பாடிக்கு பஸ் ஏறினாள். கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பானுவின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் துப்பட்டாக்களுக்குச் சரிகை தைத்துக்கொண்டு ஏழெட்டு பெண்கள், காலுக்கடியில் குழந்தைகள். பானு அவளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சவுரி பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"சும்மா, டேஸ்டுக்கு எடுத்தாந்தேன். பாரு."

பானு மூடியைத் திறந்தாள். பஸ்ஸில் செய்த மாதிரியே கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"அப்படியே இருக்குடி. அதே வாசனை."

சவுரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அதே நேரம் மெஹக் உள்ளே வந்து, "ஆன்ட்டி!" என்று கட்டிக்கொண்டு, பாட்டிலைப் பார்த்தவுடன் விரலை விட்டு எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"அம்மி, தீஞ்சு போயிருக்கு. மூடியத் தொறந்ததும் வாசப்படி வரைக்கும் வந்துச்சே, உங்களுக்குத் தெரியல?"

சவுரி பானுவைப் பார்த்தாள். பானு பாட்டிலைப் பார்த்தாள்.

சவுரிக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். "இன்னாடி, மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற? நான் மனசு நோவக் கூடாதுன்னா? இதயே இருநூறு பேருக்குக் குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"பொய் இல்லடி." பானு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "எனக்குத் தெரியல. எதுவுமே தெரியறதில்ல. பத்து வருஷம் இருக்கும்."

ஒரே மேசை. ஒரே டப்பா சொல்யூஷன். தன் மூக்கே போய்விட்டபோது பக்கத்து நாற்காலி மூக்கு மட்டும் எப்படிப் பிழைத்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடச் சவுரிக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு மடத்தனம்.

"எனக்கும் தெரியாது பானு," என்றாள் சவுரி. இத்தனை வருஷம் மூடி வைத்தது மூன்றே வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. "பன்னெண்டு வருஷமா."

பானு வாயைப் பிளந்தாள்.

"அப்ப 'போதும், எறக்கு'ன்னு எத வெச்சுச் சொன்ன?" என்று சவுரி கேட்டாள்.

"கிண்டிக்கிட்டே இருப்ப இல்ல, ஒரு எடத்துல உன் கை நின்னுடும். சரி, இவளுக்கு வாசன வந்துடுச்சுன்னு நான் போதும்பேன்."

"அடிப்பாவி! நீ போதும்னு சொல்றியான்னு பாக்கத்தான்டி நான் கைய நிறுத்துவேன்!"

மெஹக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குருட்டுக்குக் குருடு வழி காட்டின கதையாக இருவரும் பத்து வருஷம் ஊருக்கே பிஸ்கட் போட்டிருக்கிறார்கள், ஊரும் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறது.

"ஈத்துக்கு ஒரு அத்தர் போட்டுட்டு வந்து கைய நீட்டினியே, ஆஹா ஓஹோன்னேனே?"

"அத இன்னான்னு தெரியாமத்தான் பூசிட்டு வந்தேன். ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு மாமியார் ஒரு வாரம் திட்டிச்சு."

"மெஹக்னா வாசனைன்னு நீதான சொன்ன? பொண்ணுக்கு அந்தப் பேரு வேற வெச்சிருக்கா பாரு!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் விலா வலித்தது. சிரித்துக்கொண்டிருந்த பானு எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

"ஏன்டி சொல்லல?" என்றாள் சவுரி.

"பயம்டி. மூக்குக்காகத்தான நீ என்னக் கூப்ட்ட? அதுவும் போச்சுன்னு தெரிஞ்சா, எதுக்கு பஸ் ஏறி வர்ற, நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டீன்னா? வருஷத்துல அந்த ஒரு நாளுதான் எனக்கு."

மூக்குக்காக யார் கூப்பிட்டார்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது சவுரிக்கு. ஆனால் அவளும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள், பதம் பார்க்க பானு வேண்டும் என்று. பானு வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதுமாக இருந்தது. தோழியின் பக்கத்தில் அதே மூட்டையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மெஹக் அதற்குள் வாப்பாவுக்குப் போன் போட்டு, வரும்போது ஆரஞ்சும் நார்த்தங்காயும் வாங்கி வரச் சொல்லிவிட்டாள். கூடத்துப் பெண்களிடமிருந்து அகலமான பாத்திரங்கள் இரண்டு வந்தன. மத்தியானத்துக்குள் கொட்டை முடிச்சு ஒரு பக்கம், அரிந்த தோல் ஒரு பக்கம் என்று அடுப்பு மறுபடி எரிந்தது. சவுரியும் பானுவும் கை மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். கல்யாணப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்காம கிண்டுங்க. நான் சொல்றப்ப எறக்குனா போதும்."

பாகு கொதித்துப் பளபளப்பு ஏறியது. முகத்தில் ஆவி படுவது சவுரிக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மெஹக், எப்டிம்மா இருக்கு? சொல்லேன்."

மெஹக் குனிந்து ஆவியை இழுத்தாள்.

"சின்னப்புள்ளைல அம்மி வேலைக்குப் போய்ட்டு வந்தா அவங்க புர்காகிட்டயே போவ முடியாது ஆன்ட்டி, சொல்யூஷன் நாத்தம் தல சுத்தும். உங்க வீட்டுக்குப் போய்ட்டு வர்ற அன்னைக்கு மட்டும் இந்த வாசன வரும். அந்தப் புர்காவ அலச விடமாட்டேன். ஒரு வாரம் அதத்தான் போத்திக்கிட்டுத் தூங்குவேன்."

பானுவுக்கு இது தெரியாது. பிள்ளை ஏன் புர்காவுக்கு அடம் பிடிக்கிறது என்று புரியாமல் அன்றைக்கு அடித்திருக்கிறாள். கரண்டியை விட்டுவிட்டு மகளைப் பார்த்தபடி நின்றாள். சவுரி ஈரக் கையோடு மெஹக்கின் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். தனக்கு இல்லாமல் போனது எங்கேயும் தொலைந்து போகவில்லை, இந்தப் பெண்ணிடம் பத்திரமாக இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"ஆன்ட்டி, அம்மி, அடுப்பு!" என்று கத்தினாள் மெஹக். "இப்ப, இப்ப!"

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.