ஆர்மராட் செய்த ஒரே கைது

டெரிக் ஆர்மராட், வெஸ்ட்மார்ஷ் மாவட்டப் போலீசில் இரண்டாவது பெரிய அதிகாரி. அந்த நாற்காலிக்கு வரும்வரை அவர் ஒரு திருடனையும் பிடித்ததில்லை. அதற்கு நேரம் எங்கே இருந்தது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரோந்துக்கு அனுப்பினார்கள். மழையில் சளி பிடித்தது. உடனே பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு மனுப் போட்டார். அது முடிந்ததும் இன்னொன்று. ரோந்து போனவர்கள் ரோந்திலேயே நரைத்தார்கள். ரோந்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் மேலே மேலே போனார்.

தலைமைப் பதவி காலியான சமயம் அது. ஒரு சனிக்கிழமை, ஹோல்பெரி சந்தையில் பாலாடைக்கட்டி வாங்க நின்றிருந்தார். ஒரு பெண் தன் கைப்பை போய்விட்டதென்று அலறினாள். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் நல்ல கோட்டும் டையும் அணிந்திருந்தான்; இடித்ததற்கு மன்னிப்பும் கேட்டான். ஆர்மராட் மரியாதையாக வழிவிட்டார். பின்னால் வந்தவனுக்குப் பரட்டைத் தலை, கிழிந்த கால்சட்டை. காலை நீட்டினார். விழுந்தவன் முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

"சார், நான் ப்யூ. நம்ம துப்பறியும் பிரிவு. திருடன் அதோ பஸ் ஏறுறான் சார்."

"எல்லாத் திருடனும் இப்படி ஒரு கதை வெச்சிருப்பான். அசையாதடா."

சந்தையே கைதட்டியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். ப்யூ முக்கி முனகி அடையாள அட்டையை உருவிக் காட்டினான். ஆர்மராட் பார்த்தார், ஆனாலும் உடனே எழவில்லை. இத்தனை வருட வேலையில் முதல்முறையாகத் தான் ஒரு போலீஸ்காரன் என்று தோன்றியிருந்தது. அதை விட்டு இறங்க மனம் வரவில்லை.

படம் முதல் பக்கத்தில் வந்தது. உண்மையைச் சொன்னால் மொத்தப் போலீசுக்கும் அவமானம் என்று முடிவாயிற்று. ப்யூவை முடிவெட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

தேர்வுக் குழுவின் தலைவி திருமதி பாங்க்ஸ்டன் அந்தப் படத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"அந்தப் பையன் என்ன ஆனான், மிஸ்டர் ஆர்மராட்?"

ஆர்மராட் டையைச் சரிசெய்துகொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"இப்ப நம்ம டிபார்ட்மென்ட்லதான் வேலை பார்க்கிறான், மேடம். நல்ல பையன்."

குழு நெகிழ்ந்துபோனது. பிடிக்கிறவர்கள் உண்டு, பிடித்தவனைத் திருத்தி வேலையும் போட்டுக் கொடுத்தவர் யார்? பதவி அன்றே உறுதியாயிற்று.

பதவியேற்பு விருந்தில் திருமதி பாங்க்ஸ்டன் ப்யூவைத் தேடிக் கண்டுபிடித்தாள். தன் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவன் கன்னத்தைப் பரிவோடு தட்டினாள்.

"இப்பல்லாம் கை அரிக்கிறதில்லையே, தம்பி?"

ப்யூ மேடையில் நின்ற தலைமை அதிகாரியைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல மேடம்," என்றான். "குறைஞ்சிருக்கு."